பாடைத் துணியில் பூ

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிய முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு இப்போதும் கொஞ்சம் உண்டு. ஆறாம் வகுப்பில் அது மிக அதிகமாக இருந்தது. விளையாட்டுப் போட்டிக்கு வரும் விருந்தினர்களின் நெஞ்சில் குத்தத் துணிப்பூ செய்ய வேண்டும், வெட்டுத் துணி யார் வீட்டில் இருக்கிறது என்று டீச்சர் கேட்டபோது, தையல்காரரின் மகள் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து நின்றேன்.

"எங்க வீட்டுல மூட்டையாவே இருக்கு டீச்சர். எல்லாம் சாட்டின்."

பொய் இல்லை. மூட்டை இருந்தது. ஆனால் அது சித்தப்பாவின் மூட்டை. மாத்தளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யார் செத்தாலும் பாடை கட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். மூங்கிலை வளைத்து, கடுதாசிப் பூ ஒட்டி, சுற்றிலும் சிவப்பும் மஞ்சளுமாகச் சாட்டின் துணியைச் சுருக்கிக் கட்டுவார். மிஞ்சும் துண்டுகளை ஓர் உரப்பையில் திணித்து, நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையின் பின்பக்கம், கூரை ஓரத்தில் தொங்கவிட்டிருந்தார். அது வாசற்படி தாண்டக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அம்மா மாசமான பிறகு, அதைத் தொட்டவர்கள் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று சட்டம் இன்னும் இறுகியது.

நான் படித்த பிள்ளை அல்லவா, யோசித்தேன். இந்தத் துணி மயானத்துக்குப் போனதல்ல, போகாமல் மிஞ்சியது. செத்தவர் மேல் படவே இல்லை. விஞ்ஞானத்தில் அதிக புள்ளி வாங்கும் ஒருத்திக்கு இந்த விளக்கம் போதுமாக இருந்தது.

கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவின் பின்சுவர் ஓரமாக உட்கார்ந்து மூன்று நாள் தைத்தேன். துணியை இரண்டு விரல் அகலத்துக்குக் கீற்றாக வெட்டி, ஒரு ஓரத்தில் நீளத் தையல் ஓட்டி, நூலைப் பிடித்து இழுத்தால் அது தானாகவே சுருங்கி வட்டமாகிவிடும். நடுவில் காகித மட்டையை வட்டமாக வெட்டி, மஞ்சள் துணி சுற்றி ஒட்டினேன். கீழே இரண்டு வால், பின்னால் ஊக்கு. பன்னிரண்டு பூ தேறியது. பதின்மூன்றாவது கோணலாகப் போனதால் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

போட்டியன்று பள்ளி அதிபர், தோட்டத்துப் பெரிய துரை, டாக்டர் ஐயா என்று ஒவ்வொருவர் நெஞ்சிலும் அவை ஏறியபோது எனக்கு ஒரு கலக்கமும் இல்லை. அவர்களுக்கு என்ன ஆனாலும் தாங்கிக்கொள்வோம் என்று உள்ளுக்குள் நினைத்திருந்தேன் போலும். விருந்தினர் ஒருவர் வரவில்லை. ஒரு பூ மிஞ்சியது. இதைச் செய்த பிள்ளையின் அம்மா எங்கே என்று டீச்சர் மைக்கில் கேட்டார். தகரக் கொட்டகைக்குள்ளிருந்து அம்மா எட்டு மாத வயிற்றோடு வெட்கப்பட்டுக்கொண்டே வந்தாள். டீச்சர் அந்தச் சிவப்புப் பூவை அம்மாவின் சேலைத் தோளில் குத்தினார்.

எல்லோரும் கைதட்டினார்கள். என் விளக்கம் அந்தக் கைதட்டலிலேயே காணாமல் போனது. அஞ்சலோட்டத்தில் கைக்கு வந்த கோலைத் தவறவிட்டேன்.

"அம்மா, அதக் கழட்டு."

"ஏன்டி? தொரைக்குக் குத்தினா சரி, எனக்குக் குத்தினா ஒனக்கு நோகுதா?" அம்மா சிரித்தாள். வீடு வரும் வழியெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல இரண்டு முறை வாயைத் திறந்தேன். சொன்னால் அது உடனே நடந்துவிடும் என்று பட்டது. மூடிக்கொண்டேன்.

லயத்துக்குத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு வந்ததும் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாதம் முந்தியே வலி. அப்பாவும் பக்கத்துக் காம்பரா அத்தையும் அவளை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக த்ரீவீலில் ஏற்றினார்கள். வண்டி வளைவில் திரும்பும் வரை அந்தச் சிவப்பு மட்டும் எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

லயத்தின் பின்பக்கம் ஓடினேன். சித்தப்பா குந்தியிருந்து மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். என் கால் அப்படியே நின்றுவிட்டது.

"யாருக்கு சித்தப்பா?"

"அவரைக்கொடிக்கு. ஏன் இப்பிடி மூச்சு வாங்குற?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"தெரியும். காலையில பள்ளிக்கூட வேலிக்கிட்ட நின்னப்பவே பாத்துட்டேன்." பிறகு என் பையைப் பார்த்து, "இன்னும் ஒன்னு இருக்கா?" என்றார்.

கோணல் பூவை எடுத்துக் கொடுத்தேன். கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினார். உள்ளே போய் வெள்ளைச் சட்டையை மாட்டி, பூவைச் சட்டைப்பையின் மேல் குத்தி, கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துக்கொண்டு மாத்தளை பஸ்ஸுக்கு நடந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அம்மாவைத் தேடி வரும் சாவின் முன்னால் தன்னை நிறுத்தப் போகிறார்.

மறுநாள் பகல் பஸ்ஸில் திரும்பினார். பூ சட்டையிலேயே இருந்தது.

"தம்பி பொறந்திருக்கான். கோழிக்குஞ்சு கணக்கா இருக்கான். அண்ணி கஞ்சி குடிச்சாங்க."

அம்மா பிழைத்துவிட்டாள், அப்படியானால் இனி இவர்தான். அடுத்த சில வாரங்கள் அவரை விட்டு நான் நகரவில்லை. அவர் இருமினால் எனக்கு வியர்த்தது. பகலில் அசந்து தூங்கினால் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அவரோ அந்தப் பூவைக் குத்திக்கொண்டே கடைக்கும் கோயிலுக்கும் போனார். நம்ம புள்ள செஞ்சது என்று ஒவ்வொரு காம்பரா வாசலிலும் காட்டினார். அதைத் திருப்பித் தரச்சொல்லிக் கெஞ்சினேன். தரவில்லை. துணி எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன்.

பாடை கட்டுகிற கை என்று, கல்யாணப் பந்தலுக்கும் பிள்ளை பெற்ற வீட்டுக்கும் சித்தப்பாவை யாரும் கூப்பிடுவதில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். பீலி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்ததைப் போல அதுவும் தெரியும். அதற்கு மேல் அதில் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. வளர்ந்த பிறகுதான் அந்த நாளைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். அன்று அவர் பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நின்று, தன் துணி அதிபர் நெஞ்சில், துரை நெஞ்சில், கடைசியாக மாசமாயிருந்த அண்ணியின் தோளில் ஏறுவதைப் பார்த்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. பிறகு தானும் ஒன்றைக் கேட்டு வாங்கிக் குத்திக்கொண்டு, ஒரு பிள்ளை பிறக்கும் இடத்துக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக, விருந்தாளியாகப் போயிருக்கிறார்.