நான் எரித்த முப்பத்திரண்டு கட்டங்கள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், அதனால் அந்த மாதிரிக் கதைகளுக்குக் குறைவில்லாமல்தான் வளர்ந்தேன், தொழிலாளர் வீட்டு வரிசையான மேட்டு லயத்துக்குத் திரும்புகிற வளைவில் ஒரு மரம், அதன் கீழே ஒரு பெண், அவளைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தவர்கள், எல்லாம் கேட்டிருக்கிறேன், கேட்டுச் சிரித்தும் இருக்கிறேன். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் பெருவிரலில் மை தேய்த்தவர்கள். நான் கண்டியில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் தங்கிப் படித்து, இப்போது கெலிஓயாவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். ஆகவே நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். அதோடு இது இருட்டில் நடந்ததும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, தேநீரும் இஞ்சி பிஸ்கட்டும் இருந்த ஒரு வீட்டில் நடந்தது.

விடுதியில் ஒரு சிஸ்டர் எனக்கு வயலின் சொல்லிக்கொடுத்தார். மேற்கத்திய சங்கீதம், ஐந்து கோட்டில் எழுதி வாசிக்கிறது. கணக்கு மாதிரியே இருந்ததால் எனக்கு உடனே பிடித்துப் போயிற்று. அதில் சொந்தமாக எழுதிப் பார்க்கிற பைத்தியமும் பிறகு ஒட்டிக்கொண்டது. அந்தப் பைத்தியம் உள்ளவர்கள் கண்டியில் நாலு பேர் இருந்தோம். அம்பிட்டியவில் மேட்டில் வீடு வைத்திருந்த ஓய்வுபெற்ற டொக்டர், அவர் சிங்களவர், தோட்ட ஆஸ்பத்திரிகளில் வேலை செய்து நன்றாகத் தமிழ் பேசுவார், வயோலா வாசிப்பார். அது வயலினை விடக் கொஞ்சம் பெரியது. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த வங்கி அதிகாரி சிவலிங்கம் அண்ணர், முழங்காலுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கிற செல்லோ அவருடையது. அக்குறணை நஸ்ரின், என்னோடு விடுதியில் இருந்தவள், வயலின். அவள் வாசிக்கிறது வாப்பாவுக்குத் தெரியும், மாமாமாருக்குத் தெரியாது. நாலாவது நான்.

மாதம் ஒரு ஞாயிறு, டொக்டர் வீட்டில். ஒவ்வொரு முறையும் ஒருவர் புதிதாக எழுதியதைக் கொண்டுவர வேண்டும், மற்ற மூவரும் அதை முன்னே பின்னே பார்க்காமல் வாசிக்க வேண்டும். எழுதியவர் வாசிக்கக் கூடாது. அவர் தன் முழுப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு, வாசிப்பவர்களுக்கு முதுகைக் காட்டி, ஜன்னல் பக்கம் திரும்பிய கதிரையில் உட்கார வேண்டும். முகத்தைப் பார்த்தால் வாசிப்பவர்கள் பயப்படுவார்களாம். முடியும்வரை திரும்பவும் கூடாது, பேசவும் கூடாது. டேப்பில் பிடிக்கிறதும் கிடையாது. இதெல்லாம் டொக்டர் வைத்த சட்டம். ஏன் பதிவுசெய்யவில்லை என்று பிறகு கேட்காதீர்கள்.

அந்த வீட்டில் நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். அப்பாவைப் பற்றி முதல் நாளே கேட்டார்கள், தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து செத்துப்போனார் என்றேன். அப்பா கணக்கப்பிள்ளை இல்லை. அப்பா தப்படித்தவர். விடிவதற்கு முன்னால், வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் நின்று தப்படித்து மலை முழுவதையும் எழுப்புகிறவர், சாவு வீட்டுக்கும் அடிப்பார், சாமிக்கும் அடிப்பார். சங்கு ஊதுகிற மெஷின் வந்த பிறகும் சாவுக்கு அவர்தான். அவர் அடிக்கிறதில் முதலில் வலது கைக் குச்சி இரண்டு தரம், பிறகு இடது கைக் குச்சி இழுத்துக்கொண்டு வரும், அதற்குப் பிறகு ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில்தான் நான் தினமும் கண் விழித்தேன்.

அந்த அடியை வைத்து நான் முப்பத்திரண்டு கட்டங்கள் எழுதியிருந்தேன். ஐந்து கோட்டுக்குக் குறுக்கே கோடு போட்டுப் பிரிக்கிற துண்டுகளைத்தான் கட்டம் என்கிறேன். மூன்று பேருக்கான என் புதிய உருப்படியில், சரியாக நடுவில் அது வரும். செல்லோக்காரர் வில்லைக் கீழே வைத்துவிட்டு மரத்தில் உள்ளங்கையால் தட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தேன். எழுதிய அன்றைக்கு எனக்கே உடம்பு சிலிர்த்தது.

பிறகு அதை வெட்டினேன். காரணம் சொல்கிறேன். அதற்கு முந்திய மாதம் நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது கீழே ரோட்டில் ஒரு பிரேத ஊர்வலம் தப்போடு போயிற்று. சிவலிங்கம் அண்ணர் கோப்பையை வைத்துவிட்டு, "ரெண்டு குச்சி, ஒரு தோல், உதையும் வாத்தியமெண்டு சொல்லுறாங்கள்" என்றார். நஸ்ரின் சிரித்தாள். நானும் சிரித்தேன். மற்றவர்களை விடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

சனிக்கிழமை தோட்டத்துக்குப் போய், லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவில் உட்கார்ந்து மூவருக்கும் தனித்தனித் தாளில் பிரதி எடுத்தேன். அந்த இடம் வந்தது. ஐம்பத்தாறாம் கட்டத்துக்குப் பிறகு நேராக அடுத்த பகுதிக்குத் தாவி, எண்களைத் திருத்தி எழுதினேன். முழுப் பிரதியையும் புதிதாக எழுதினேன். அந்த முப்பத்திரண்டு கட்டங்கள் இருந்த பழைய தாள் ஒன்றே ஒன்று, அதை அடுப்பில் வைத்தேன். அம்மா பார்த்துக்கொண்டு நின்றார்.

"காயிதத்த ஏன்டி வீணா எரிக்கிற," என்றார். "ஒங்கப்பா இருந்தா தப்புக் காய்ச்சவாவது ஆகும்."

தப்பின் தோல் குளிரில் தொய்ந்துவிடும். அடிக்கும் முன் காகிதத்தையோ மானாப்புல்லையோ கொளுத்தி அந்தச் சூட்டில் காட்டினால் விறைக்கும், அதைத்தான் சொன்னார். அப்பாவின் தப்பு அப்போதும் சுவரில் ஆணியில் தொங்கியது. அவர் செத்த பின் ஆறு வருட மழையில் தோல் ஈரத் துணி மாதிரித் தளர்ந்து போயிருந்தது, யாரும் தொடுவதில்லை.

மறுநாள் அம்பிட்டிய. மழை வரப்போகிற மாதிரி மூடிக்கொண்டிருந்தது, ஆனால் வெளிச்சம் இருந்தது. தாள்களைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். சிவலிங்கம் அண்ணர் வழக்கம்போலக் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தன் தாளின் அடியில் பென்சிலால் நேரம் குறித்திருப்பார், வங்கிப் பழக்கம், தொடங்கும்போது ஒன்று, முடியும்போது ஒன்று. தொடங்கினார்கள்.

நன்றாகத்தான் போயிற்று, அங்கங்கே நஸ்ரின் தடுக்கினாள், டொக்டர் கொஞ்சம் பின்தங்கினார், நான் மடியிலிருந்த பிரதியில் விரலை வைத்துக் கட்டம் கட்டமாகப் போய்க்கொண்டிருந்தேன். ஐம்பத்து நாலு, ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு. அடுத்த கட்டத்தில் வயலின் தனியாக மேலே ஏற வேண்டும். ஏறவில்லை.

ஒரு வில்லைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மரத்தில் கை. இரண்டு தரம், பிறகு இழுத்துக்கொண்டு ஒன்று, பிறகு இடைவெளி.

நம்புங்கள், நம்பாமல் போங்கள், என் விரல் ஐம்பத்தாறாம் கட்டத்திலேயே நின்றது, பின்னால் நான் எரித்தது நடந்துகொண்டிருந்தது. வயோலா நான் எழுதிய இடத்தில் வந்தது, வயலின் நான் எழுதிய இடத்தில் சேர்ந்தது, ஒரு சுரம் பிசகவில்லை, அதுவரை தடுக்கிக்கொண்டிருந்தவர்கள் வருடக்கணக்காக வாசித்தவர்கள் மாதிரி வாசித்தார்கள். தோல் காய்கிற வாசம் வந்தது. காகிதச் சாம்பலும் சூடான தோலும் சேர்ந்த வாசம், பிரட்டுக்களத்தில் அப்பாவின் சட்டையில் இருக்கிற வாசம். திரும்பக் கூடாது என்பது சட்டம், ஆனால் நான் சட்டத்துக்காகத் திரும்பாமல் இருக்கவில்லை. திரும்பினால் மூன்று பேர்தான் இருப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை. முப்பத்திரண்டும் எண்ணினேன். முப்பத்திரண்டு முடிந்ததும் வயலின் மேலே ஏறியது, என் விரலும் நகர்ந்தது, மீதி எல்லாம் எழுதியபடி போய் முடிந்தது.

முதலில் டொக்டர் மூக்கை உறிஞ்சி, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று வந்தார். நஸ்ரின் என் தோளைப் பிடித்து, நான் எழுதுகிறதெல்லாம் கணக்குக் கொப்பி மாதிரித்தான் இருக்கும், இன்றைக்கு அந்த நடுத்துண்டில் மட்டும் உயிர் இருந்தது என்றாள். சிவலிங்கம் அண்ணர் செல்லோவின் மரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, இதை நான் என்ரை மனுசியைக்கூடத் தொட விடுறேல்லை," என்றார். "நீர் தட்டச் சொல்லி எழுதினீர், நானும் தட்டிப்போட்டன். கோவிக்கவும் மனம் வரேல்லை."

"அது எங்க இருந்து எடுத்தீங்க டீச்சர்?" என்று டொக்டர் கேட்டார். "எனக்குக் கேட்ட மாதிரி இருக்கு. தோட்டத்துல இருக்கிறப்ப, விடியக்காலையில."

மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிண்டல் இல்லை, அன்பாகத்தான் பார்த்தார்கள். சொல்லியிருக்கலாம். எனக்கு வேறு ஒரு தருணம் இதைவிட நல்லதாக வந்திருக்க முடியாது. ரோட்டில் போன தப்பைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பை நினைத்தேன், கணக்கப்பிள்ளையை நினைத்தேன்.

"எங்கயிருந்தும் எடுக்கல்ல சேர்," என்றேன். "சும்மா மனசுல வந்துச்சு."

தேநீருக்குப் பிறகு இரண்டாம் தரம் வாசிக்கிறது எங்கள் வழக்கம். மீண்டும் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். ஐம்பத்தாறு முடிந்தது. வாசிப்பு நின்றது. தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது, பிறகு நஸ்ரின், "எங்க புள்ள அது? இதுல இல்லயே" என்றாள்.

சட்டத்தை மீறித் திரும்பினேன். மூன்று பேர்தான் இருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் தாளைத் திருப்பித் திருப்பித் தேடிக்கொண்டிருந்தார்கள். டொக்டர் தரையில் குனிந்து விழுந்த தாள் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார். மூவரும் தாளில் பார்த்துத்தான் வாசித்தோம் என்று சத்தியம் செய்தார்கள், என் கையெழுத்து என்றார்கள், 'உள்ளங்கையால்' என்று நான் எழுதியிருந்ததைச் சிவலிங்கம் அண்ணர் விரலால் இடம் காட்டினார். அந்த இடத்தில் ஐம்பத்தேழாம் கட்டம் இருந்தது, வயலின் தனியாக மேலே ஏறும்போது செல்லோ சும்மா இருக்கிற கட்டம். நான் ஏதோ ஒரு தாளை மறைத்து விளையாடுகிறேன் என்று முடிவுகட்டி, அந்தத் துண்டு இல்லாமலே கடைசிவரை வாசித்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். எரித்ததைத் திரும்ப எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் எழுதியது, எப்படி மறக்கும்? முதல் அடி வந்தது. இரண்டு தரம், பிறகு இழுத்துக்கொண்டு ஒன்று. அதற்கு மேல் எதுவும் வரவில்லை. வயோலா எங்கே வந்தது, வயலின் என்ன செய்தது, ஒரு சுரம்கூட இல்லை. அன்றைக்கும் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. நான் ஒன்றும் கேட்காமலே, அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அம்மா சொன்னார், "போன ஞாயித்துக்கெழம பகல்ல தோலு காயிற வாசம் வந்துச்சு புள்ள. எந்த லயத்துல எழவோன்னு வெளிய வந்து பாத்தேன். ஒண்ணுமில்ல."

நான் சுவரிலிருந்து தப்பை இறக்கிப் பார்த்தேன். தோல் விறைத்திருந்தது. விரல் பட்டதும் சத்தம் வந்தது. அம்மா என் கையிலிருந்து வாங்கி, திருப்பிப் பார்த்து, "யாருடி காய்ச்சுனது?" என்றார். திரும்ப ஆணியில் மாட்டினோம். அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது, அது இன்னும் தளரவில்லை. அடித்துப் பார்க்க எனக்குத் துணிவு இல்லை.

அடுத்த மாதம் அம்பிட்டியவில் உண்மையைச் சொன்னேன். அப்பா யார், என்ன அடித்தார், நான் எதை எரித்தேன், எல்லாம். நஸ்ரின் அழுதாள். சிவலிங்கம் அண்ணர் கோப்பையை வைத்துவிட்டு, "அண்டைக்கு நான் சொன்னது பிழை, பிள்ளை" என்றார். சொன்ன பிறகாவது அது திரும்பி வரும் என்று நான் எதிர்பார்த்தேன், உள்ளதைச் சொல்கிறேன். அன்றும் வாசித்தார்கள். வரவில்லை.

சிவலிங்கம் அண்ணரின் அந்த நாள் தாளை அன்றே வாங்கிவைத்துக்கொண்டேன், அவருக்கு வேறு பிரதி எழுதிக் கொடுத்தேன். அடியில் பென்சிலில் இரண்டு வரி, முதலாவது மூன்று பத்திலிருந்து மூன்று இருபத்தொன்று, இரண்டாவது நாலு ஐந்திலிருந்து நாலு பதினாலு. தேடியதும் பேசியதும் அந்த இரண்டாவதில் சேர்ந்திருக்கிறது, அப்படியும் குறைவு. கணிதம் படிப்பிக்கிறவள் நான், அந்தக் கழித்தலை எத்தனையோ தரம் போட்டுப் பார்த்துவிட்டேன்.

அந்த உருப்படியை இன்னும் எப்போதாவது வாசிக்கிறார்கள். ஐம்பத்தாறாம் கட்டம் முடிந்ததும் சிவலிங்கம் அண்ணர் வில்லை மடியில் வைத்துவிட்டு, உள்ளங்கையை மரத்தின் மேல் வைத்துக்கொண்டு இருக்கிறார். தட்டுவதில்லை. மற்ற இருவரும் வில்லை உயர்த்தியபடி காத்திருக்கிறார்கள். அங்கே நான் நிறுத்தம் எதுவும் எழுதவில்லை. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு எண்ணுகிறேன், முப்பத்திரண்டு வரும்வரை எண்ணுகிறேன், சரியாக முப்பத்திரண்டு முடிகிற இடத்தில், யாரும் யாருக்கும் சைகை காட்டாமலே, வயலின் மேலே ஏறுகிறது.