முன்கண்ணாடி உறையும் தெல்மாவின் மூச்சும்

காலையில் கண் விழித்ததும் நாரிஸ் டாட்டர்சால் மனைவியைப் பார்ப்பதில்லை. அடுப்புக்கு மேலே தொங்கும், காற்றின் ஈரத்தை அளக்கும் ஈரமானியைப் பார்ப்பான்.

"எழுபத்தெட்டு," என்றான். "ராத்திரி வாயைத் திறந்துக்கிட்டு தூங்கியிருக்க."

தெல்மா போர்வைக்குள் வாயை மூடிக்கொண்டாள். மூடிய பிறகுதான் தன் மேலேயே ஒரு வெறுப்பு வந்தது.

வீட்டை விற்றுவிட்டு, படுக்கையும் அடுப்பும் உள்ள மோட்டார் ஹோம் வண்டியில் குடியேறி இது மூன்றாவது குளிர்காலம். இப்படிப்பட்ட வண்டிகள் நிற்கும் நார்தம்பர்லாந்து கடற்கரை முகாமில் நவம்பர் மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வந்து அறையும். போன வருஷம் பனிக்காலம் முழுவதும் தெல்மா இருமிக்கொண்டிருந்தாள். இந்த அக்டோபரிலேயே சொல்லிவிட்டாள்: இந்த முறையும் மெத்தை நனைந்தால், மோர்கேமில் இருக்கும் அக்கா ஆல்வென் வீட்டு மாடியறைக்குப் போய்விடுவேன், தனியாக.

அதற்கு நாரிஸின் பதில்தான் அந்த வெளி உறை. முன்கண்ணாடியையும் இரண்டு கதவுக் கண்ணாடிகளையும் வெளியிலிருந்து போர்த்துகிற கனத்த வெள்ளி நிறத் துணி. உள்ளே திரை போட்டால் கண்ணாடி சில்லிட்டு, மூச்சுக்காற்று அதில் படிந்து வழியும். வெளியே போர்த்தினால் கண்ணாடி சில்லிடாது. இது உண்மைதான். நாரிஸின் தொல்லையும் இதுதான். கொஞ்சம் உண்மை கையில் கிடைத்துவிட்டால் போதும், மிச்சத்துக்கெல்லாம் அடுத்தவர்களைக் குற்றவாளியாக்கிவிடுவான்.

சாயங்காலம் உறையை மாட்டி, இரு ஓரத்திலும் நீளும் அதன் துணிக் காதுகளைக் கதவுக்குள் செருகி அறைந்து மூடிவிட்டு, முகாமை ஒரு சுற்று வருவான். திரும்பி வந்து அறிக்கை வாசிப்பான்.

"ஏழாம் நம்பர்காரன் திரையை உள்ள ஒட்டியிருக்கான், மடையன். அந்த ஐரிஷ் பொம்பளை பழைய மெத்தை விரிப்பைத் துணிக் கிளிப்பு போட்டு மாட்டியிருக்கா. அது வண்டியா, கொல்லைப்புறமா?"

ஐரிஷ் பொம்பளை என்றது பிரிடி கின்செல்லாவை. இருபது வருஷமாகத் தனியாக வண்டியில் சுற்றுகிறவள்.

முப்பத்தோரு வருஷம் நாரிஸ் ஒரு நகராட்சியின் வீட்டுவசதிப் பிரிவில் ஈரம் பார்க்கும் ஆய்வாளனாக இருந்தான். சுவர் கறுத்துப்போனவர்கள் மனுக் கொடுப்பார்கள். இவன் போவான். காயும் துணியைப் பார்ப்பான், கொதிக்கும் சட்டியைப் பார்ப்பான், கூரையைப் பார்க்க மாட்டான். 'குடியிருப்பவரின் வாழ்க்கை முறை' என்று எழுதிவிட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்ற துண்டறிக்கையைக் கொடுத்துவிட்டு வருவான். ஒரு வீட்டில் விளக்கு மாட்டிய இடத்திலிருந்தே தண்ணீர் சொட்டியது. கைக்குழந்தையோடு நின்றவளிடம், "ரொம்ப சமைக்கிறீங்க," என்றானாம். அதை வீட்டில் சாப்பிடும்போது சொல்லிச் சிரித்தான். தெல்மாவும் சிரித்தாள். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் அவளுக்கு நாக்கு கசக்கிறது.

ஓய்வு பெற்ற அன்று கூட வேலை செய்தவர்கள் பரிசாகக் கொடுத்ததுதான் அந்த ஈரமானி. கேலிக்குக் கொடுத்தார்கள் என்பது இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

உருளைக்கிழங்கை மூடாமல் வேகவைக்கக் கூடாது. கூரை ஜன்னலைத் திறக்காமல் கெட்டிலைப் போடக் கூடாது. துண்டை உள்ளே காயப்போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் தெல்மா கட்டுப்பட்டாள். அப்படியும் ஓட்டுநர் கதவோரத்துத் தரைவிரிப்பு ஊறியது. பிறகு இருக்கைக்கு அடியில் இருந்த பெட்டி. இந்த வாரம் மெத்தையின் மூலை.

"உனக்கு நுரையீரல் பெரிசு," என்றான் நாரிஸ்.

முகாமின் சலவை அறையில் தெல்மா இருமி முடிக்கும்வரை பிரிடி காத்திருந்தாள்.

"ஏம்மா, உங்க துரை அந்த உறையோட காதைக் கதவுக்குள்ள வெச்சு மூடுறாரே, வழக்கமா அப்படித்தானா?"

"காத்து தூக்கிட்டுப் போயிடும்னு செருகுவாரு."

"வெளிய பட்டையால இழுத்துக் கட்டுனா எங்கேயும் போகாது. கதவுக்குள்ள போன துணி விளக்குத் திரி மாதிரி. மழையைக் குடிச்சுக் குடிச்சு உள்ள கொண்டுவந்து விட்டுடும். பார்த்தாலே தெரியுதே."

"அவருக்குத் தெரியாததா?"

"தெரியாததுன்னு ஒண்ணு இல்லாத ஆம்பளைங்க வண்டிதான் நிறைய நனையும்," என்றாள் பிரிடி.

மறுநாள் காலை மழை பிடித்தது. நாரிஸ் குளியலறைப் பக்கம் போயிருந்த நேரத்தில் தெல்மா இடது கதவைத் திறந்து, காதை வெளியே எடுத்துத் தொங்கவிட்டு, பட்டையால் கட்டினாள். வலது கதவை அப்படியே விட்டாள். இரண்டு பக்கமும் தரையில் பழைய செய்தித்தாளைப் பரப்பினாள். மதியம்வரை பொறுத்திருந்து அவனைக் கூப்பிட்டாள்.

"இந்தப் பக்கம் பேப்பர் தொப்பலா நனைஞ்சிருக்கு. அந்தப் பக்கம் காய்ஞ்சு கெடக்கு. நான் என்ன ஒரு பக்கமாவா மூச்சு விடறேன்?"

நாரிஸ் குனிந்து பார்த்தான். யோசித்தான்.

"நீ வலது பக்கமாத்தானே திரும்பிப் படுக்கற," என்றான்.

கேலி பேசத் தெரிந்த ஆளில்லை அவன். உண்மையாகவே கண்டுபிடித்துவிட்ட முகம் அது. அப்போது கதவிடுக்கில் நீட்டிக்கொண்டிருந்த துணியின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, ஆடி, அவனுடைய செருப்பில் விழுந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். நாரிஸ் காலை மட்டும் நகர்த்திக்கொண்டான்.

தெல்மா துணிப்பெட்டியை எடுத்தாள்.

"ஆல்வென் வீட்லயும் ஈரம் இருக்கும். கடலோரம்."

"இருந்துட்டுப் போகட்டும். அளந்து சொல்ல அங்க ஆள் இல்ல."

ரயிலடிவரை பிரிடி கொண்டுவிட்டாள். நான்காம் நாள் அவளே தொலைபேசியில் அழைத்தாள்.

"இன்னிக்கு எண்பத்தொண்ணு காட்டுதாம். காலையில என் வண்டிக்கே வந்து சொல்லிட்டுப் போறாரு."

"நான்தான் அங்க இல்லையே!"

"அதைத்தான் நானும் கேட்டேன். நீ மெத்தையில விட்டுட்டுப் போன மூச்சு இன்னும் வெளியேறிக்கிட்டிருக்காம்."

தெல்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்தத் துணியை வெளிய எடுத்துவிட்டாரா?"

"எங்க? இடது பக்கம் நீ கட்டுனதையும் அவுத்து உள்ள செருகிட்டாரு."

தெல்மா தொலைபேசியை வைத்தாள். ஆல்வெனின் அடுப்பில் உருளைக்கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது. மூடியை எடுத்துத் தொட்டியில் போட்டாள். சமையலறை ஜன்னல் ஆவி படிந்து மெல்ல வெளுத்து, தெரு மறைந்தது.