நானே அச்சடித்த முகங்கள்

சிம்மக்கல்லில் எனக்கு ஒரு ப்ளெக்ஸ் கடை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் யார் சிரித்தாலும் யார் அழுதாலும் அது என் மெஷின் வழியாகத்தான் வெளியே வரும். மே மாதம் மட்டும் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அது பள்ளிக்கூடங்களின் மாதம். வரிசை வரிசையாகப் பிள்ளைகளின் முகம், ஒவ்வொரு முகத்துக்குக் கீழேயும் அது போய்ச் சேர்ந்த கல்லூரியின் பெயர். வடக்கே உள்ள பெரிய எஞ்சினியரிங் கல்லூரி என்றால் மேல் வரிசையில் பெரிய படம், உள்ளூர்க் கல்லூரி என்றால் கீழே தபால்தலை அளவு. இது எழுதாத சட்டம்.

அந்த மே மாதம் என் மகள் பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். பதினொன்றாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி என்பது அவளுக்கு ஒரு கேள்வியே இல்லை. கோச்சடையில், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஆறாம் வகுப்பிலிருந்து அவள் படித்த அதே பள்ளி. அதில் கணக்கும் உயிரியலும் சேர்ந்த பிரிவு. கேள்வி எனக்குத்தான். அந்தப் பள்ளி ஒரு நாளும் என் கடையில் ப்ளெக்ஸ் அடித்ததில்லை. வேறு கடையிலும் அடித்ததில்லை, விசாரித்துவிட்டேன். காட்டிக்கொள்ள ஒரு முகம்கூட இல்லாத பள்ளியில் பிள்ளையை எப்படி விட்டுவைப்பது?

ஆகவே மெஷினில் ஓடிய முகங்களை எண்ண ஆரம்பித்தேன். மூன்று பள்ளிகள், ஒரு பழைய டைரி, பள்ளிக்கு ஒரு பக்கம். பெரிய கல்லூரிக்கு ஒரு கோடு, மருத்துவக் கல்லூரிக்கு இரண்டு கோடு. இதில் கண்ணாடி போட்ட ஒரு பெண் மூன்று பள்ளி ப்ளெக்ஸிலும் இருந்தாள். ஒன்றில் அரக்குச் சீருடை, ஒன்றில் பச்சை, ஒன்றில் நீலம். மூன்று நிறத்தையும் மாற்றியது நான்தான். "போட்டோ ஒண்ணுதான் இருக்குண்ணே, நம்ம ஸ்கூல் கலரைப் போட்டு விடுங்க" என்று சொன்னால் போட்டுக் கொடுப்பது தொழில். அப்படிப் போட்டுக் கொடுத்துவிட்டு, மூன்று பக்கத்திலும் அவளுக்குத் தலா ஒரு கோடு போட்டேன். ஒரு பக்கம் போட்டு மறுபக்கம் போடாவிட்டால் நியாயமாக இருக்காதே.

என் மனைவி டைரியைப் புரட்டிப் பார்த்தாள்.

"பொய்ய நீங்களே அடிச்சு, நீங்களே படிச்சு, நீங்களே நம்புறீங்க. ஒத்த ஆளுக்கு எம்புட்டு வேலை!"

எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கடையில் உட்கார்ந்தால் ரிங் ரோடு ஞாபகம், ரிங் ரோட்டில் நின்றால் கடை ஞாபகம். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், நான் அடித்த போர்டுகள் எங்கெங்கே நிற்கின்றன என்று பார்த்துவிட்டு, முகங்களை மறுபடி ஒருமுறை எண்ணிவிட்டு வருவேன். வெயிலில் எண்ணினால் கூடுமா என்ற நப்பாசைதான்.

கோடுகளில் ஜெயித்தது திருவாதவூர் பக்கம், வயல்களுக்கு நடுவே நான்கு மாடி எழுப்பி நிற்கிற பள்ளி. ஹாஸ்டலில் தங்கித்தான் படிக்க வேண்டும். அங்கிருந்து போன் வந்தது.

"அண்ணே, பிளஸ் ஒன் லிஸ்ட் முடியப் போகுது. டிசி கையில இருந்தா சீட்டு உங்களுக்கு."

அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காலையில், மகள் எழுந்திருப்பதற்குள், கோச்சடைப் பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியை முன்னால் நின்றேன். மாற்றுச் சான்றிதழ் வேண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பிள்ளைகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டாச்சு மேடம்."

"ரிஜிஸ்டர்ல பேரை அடிச்சுட்டா அடிச்சதுதான். அந்தப் பிரிவுல இடம் இல்லாம வெளியில ஆள் நிக்கிறாங்க. திங்கக்கிழமை லிஸ்ட் ஒட்டிருவேன். யோசிச்சுட்டீங்களா?"

யோசித்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தலையாட்டினேன். டிசியை ஸ்கூட்டரின் முன்பெட்டியில், வண்டி துடைக்கிற துணிக்கு அடியில் வைத்தேன்.

மதியம், "சும்மா ஒரு ரவுண்டு பார்த்துட்டு வருவோம்" என்று மகளை ஏற்றிக்கொண்டு வயல்காட்டுப் பள்ளிக்குப் போனேன். வரவேற்பறைச் சுவர் முழுக்க என் ப்ளெக்ஸ். நீலச் சீருடையில் கண்ணாடிப் பெண் நடு நாயகமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அட்மிஷன் பார்க்கிற தம்பி டையைச் சரி செய்துகொண்டு வந்து, ஒவ்வொரு முகமாகக் காட்டி விளக்கினார். நானும் முதல் முறை பார்ப்பவன் மாதிரி வாயைப் பிளந்தேன்.

மகள் கேட்டாள். "இவங்க படிச்ச வருஷம் மொத்தம் எத்தனை பேர் சார் இருந்தாங்க?"

"இவங்க எல்லாருமே நம்ம பிள்ளைங்கம்மா."

"இல்ல சார், போர்டுல இல்லாதவங்க?"

தம்பி சிரித்தபடி என்னைப் பார்த்தார். பாவம், மாட்டிக்கொண்டாரே என்று நான் குறுக்கே விழுந்தேன். "அம்புட்டுப் பேரையும் போட்டா போர்டு எங்கம்மா கொள்ளும்?"

தொழில்முறையில் அது சரியான பதில். மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "டிசி கொண்டாந்திருக்கீங்களாண்ணே?" என்று தம்பி கேட்டபோது, முன்பெட்டியில் இருப்பதைச் சொல்ல வாய் வரவில்லை. "நாளைக்குக் கொண்டாரேன்" என்று எழுந்துவிட்டேன்.

திரும்பும் வழியில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அத்தா, அங்க சாப்பிடப் பதினஞ்சு நிமிஷம்னு எழுதிப் போட்டிருக்கான். நான் ஒரு முட்டைய உரிக்கவே பத்து நிமிஷம் ஆக்குவேன்."

"உரிச்ச முட்டையாக் கொடுப்பாங்கம்மா."

"நான் எங்க ஸ்கூல்லயே படிக்கிறேன் அத்தா."

எதிர்க்காற்றில் காது கேட்காதவன் மாதிரி வண்டியை முறுக்கினேன்.

சனிக்கிழமை காலை டீ குடிக்க எதிர்க்கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால், நான் வீட்டில் மறந்த சாப்பாட்டு டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு, மகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். திரையில் ஒரு ப்ளெக்ஸ். பத்துக்கு எட்டு அடி அளவில், அவள் முகம் மட்டும், நீலச் சீருடையில்.

"இது யாரு?"

"நீதாம்மா. சும்மா... சைஸ் பார்த்தேன்."

"இந்த டை எங்கருந்து வந்துச்சு?"

"அந்தக் கண்ணாடிப் புள்ளைகிட்ட இருந்து எடுத்தேன்."

"கீழ பேரு எழுதாம விட்டிருக்கீங்களே. எந்தக் காலேஜ் அத்தா?"

எந்த முக்கில் கட்டுவது என்று யோசித்திருந்தேன். காற்றுக்குக் கிழியாமல் இருக்க எங்கெங்கே துளை போடுவது என்று யோசித்திருந்தேன். அவள் எந்தக் கல்லூரியில் என்ன படிப்பாள், அது அவளுக்குப் பிடிக்குமா என்று ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை. பிளஸ் டூ கணக்கில் இரண்டு முறை விழுந்தவன் நான். ஊர் முழுக்க அடுத்தவன் பிள்ளைகளைத் தொங்கவிட்டவனுக்கு, தன் வீட்டு முகம் ஒன்றையும் தொங்கவிட்டுப் பார்க்க ஆசை. அந்த ஆசைக்குத்தான் டைரி, கோடு, நியாயம் எல்லாம்.

"ஒரு விஷயம் சொல்றேன், கத்தக்கூடாது" என்று ஆரம்பித்து, டிசி வாங்கியதைச் சொன்னேன்.

கத்தினாள். பக்கத்து பல்புக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, மெஷின் ரிப்பேரா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு மாப்ள. ஓனர்தான் ரிப்பேர்."

மகள் சிரிக்கவில்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள்.

கோச்சடைப் பள்ளியில் தலைமை ஆசிரியை வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். டிசியைத் திரும்ப நீட்டினேன். கிரீஸ் கறை பட்டிருந்தது. அவர் அதை விரல் நுனியால் வாங்கி மேஜையில் போட்டார்.

"காரணம் எழுதிக் கொடுங்க. ஆனா இடம் இருக்குன்னு நான் சொல்லல. இவ இடத்தை நேத்தே ஒரு பிள்ளைக்குக் கொடுத்தாச்சு."

பேனாவை வாங்கி 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதினேன். மகள் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டுத் தொண்டையைச் செருமினாள். அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்: 'விளம்பர போர்டுகளில் இருந்த முகங்களை எண்ணிப் பார்த்து, என் மகளைக் கேட்காமல் சான்றிதழ் வாங்கிவிட்டேன். அந்த போர்டுகளை அடித்ததும் நானே.'

அவர் இரண்டு முறை படித்தார்.

"இதை நான் ஃபைல்ல வைக்கணுமா?"

"வைங்க மேடம்."

"திங்கக்கிழமை வாங்க" என்றார். குரலில் கொஞ்சம் சூடு குறைந்திருந்தது, அல்லது அப்படி நானே நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். வீட்டுக்குள் நடந்தே நான் மேலூர் வரை போயிருப்பேன். மகள் என்னோடு பேசவில்லை. சாப்பிடும்போது முட்டையை மட்டும் வழக்கத்தைவிட மெதுவாக உரித்தாள்.

திங்கள் காலை சுவரில் லிஸ்ட் ஒட்டியிருந்தது. டைப் அடித்த பெயர்களுக்குக் கீழே, கடைசியில், பேனாவால் எழுதிய ஒரு பெயர். என் மகளுடையது. அவள் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள், மை காய்ந்துவிட்டதா என்று பார்ப்பவள் போல. அப்புறம் சனிக்கிழமைக்குப் பிறகு முதல் முறையாக என்னைப் பார்த்து, "போயிட்டு வாரேன் அத்தா" என்று சேர்க்கைப் படிவம் வாங்க உள்ளே ஓடினாள்.

தலைமை ஆசிரியைக்கு நன்றி சொல்லப் போனேன்.

"எனக்கு எதுக்கு நன்றி? இப்பத்தான் இன்னொரு பிள்ளையோட அப்பா வந்து டிசி வாங்கிட்டுப் போறாரு. அதே பிரிவு, அந்த இடத்துலதான் உங்க பிள்ளை பேரை எழுதினேன். ரிங் ரோட்டுல ஏதோ போர்டு பார்த்தாராம்."

வெளியே வந்து வாட்ச்மேனிடம் அவர் எந்தப் பக்கம் போனார் என்று கேட்டேன். கையை நீட்டிக் காட்டினார். "இப்பத்தாண்ணே போறாரு, விரட்டுனா பிடிச்சுரலாம்."

ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தேன். விரட்டலாம். நிறுத்தி, அந்தக் கண்ணாடிப் பெண்ணின் மூன்று சீருடைகளையும் சொல்லலாம். அவர் திரும்பி வந்து டிசியை நீட்டினால், பேனாவால் எழுதிய பெயர் என்ன ஆகும்? சாவியைப் போட்டேன். எடுத்தேன். மறுபடி போட்டேன்.

"என்னண்ணே, வண்டி எடுக்கலையா?" என்றார் வாட்ச்மேன்.