வேஸ்ட் போக முப்பத்தேழு சட்டை

அப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஊரில் எந்த மாஸ்டரும் பாடம் சொல்லித் தருவார் என்பது எங்கள் லைன் வீட்டுக்காரர்களின் நம்பிக்கை. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கிலும் இங்கிலீஷிலும் நான் கோட்டை விட்ட கதை அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லி யாரையும் வருத்தப்படுத்தவில்லை.

எதிர்வீட்டுக்காரர் எங்கள் கம்பெனி டெய்லர். எட்டாவது படிக்கும் மகளை ஒரு சாயங்காலம் கொண்டுவந்து நிறுத்தினார்.

"மாஸ்டர், அரைப் பரீட்சையில கணக்கும் இங்கிலீசும் தேறோணுங்க. இல்லீன்னா பொங்கல் கழிஞ்சதும் கம்பெனிக்கு நூல் பிசிறு வெட்ட வந்துருவா. சொல்லிப்போட்டேன்."

பெண் முகத்தில் ஈயாடவில்லை. நான் தைரியமாகத்தான் இருந்தேன். பெயிலாகப் போவது நானில்லையே!

முதல் கணக்கு: எண்பது மீட்டர் துணி, சட்டைக்கு இரண்டு மீட்டர், எத்தனை சட்டை?

"நாப்பதுங்ணா."

"அதெப்படி கண்ணு? வெட்டறப்ப வேஸ்ட் போகுமில்ல? முப்பத்தேழுன்னு போடு."

அடுத்து பதினைந்து மாம்பழம், ஐந்து பிள்ளைகள். பனியன் பழுதானால் செகண்ட்ஸ் என்று ஒதுக்குவோமே, அந்தப் பழக்கத்தில் அழுகலுக்கு இரண்டைத் தள்ளினேன். மீதி சரியாக வகுபடவில்லை. புத்தகம் எழுதியவர் தவறு என்று விளக்கினேன்.

இங்கிலீஷில் பசுவைப் பற்றிக் கட்டுரை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷெல்லாம் பனியன் பெட்டிமேல் அச்சடித்ததுதான். ஆகவே எங்கள் பசு சூப்பர் ஃபைன் குவாலிட்டி, துவைத்தாலும் சுருங்காது.

பரீட்சை நெருங்கியது. கத்தரியோடு அவள் கம்பெனியில் உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு நினைப்பு வந்து, ஒரு கட்டுத் துணியைக் கோணலாக வெட்டிவிட்டேன்.

மார்க் வந்த அன்று டெய்லர் லட்டுப் பொட்டலத்தோடு ஓடிவந்தார்.

"ரெண்டுலயும் பாஸுங்க! எல்லாம் உங்க புண்ணியம். எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கற மட்டும் இனி நிறுத்தறதில்லீங்க."

அவர் போனதும், அங்கேயே நின்ற பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன். "வேஸ்ட் கழிச்சுமா கண்ணு பாஸானே?"

"நீங்க கழிக்கறதுக்கு முந்தி வர்ற தொகையத்தானுங்ணா எழுதினேன்."

"அப்ப இங்கிலீசு?"

"கட்டுரையெல்லாம் ஊட்டுலயே நானா எழுதிப் படிச்சுப்போட்டுத்தானுங்ணா வருவேன்."

"பின்ன எதுக்குத் தினமும் இங்க வந்தே?"

வாயில் லட்டோடு சிரித்தாள்.

"பசு சுருங்காதுன்னு சொல்றதைய வேற எங்கீங்ணா போய்க் கேக்கறது?"