ஐந்து வீட்டுக்கு ஒரே ஆன்டிவைரஸ்

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசைப்படுத்தினால் எனக்குப் பதற்றம் கொஞ்சம் குறையும்.

1. ஞாயிற்றுக்கிழமை காலை, புனேயில் நாங்கள் இருக்கும் சோசைட்டியின் (அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இங்கே அதுதான் பெயர்) தமிழ்க் குடும்பங்களுக்கான வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு வந்தது. ‘இந்த ஆன்டிவைரஸ் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறதா? உடனே நீக்குங்கள்! உங்கள் ஃபைல்கள் எல்லாம் அந்த நாட்டு அரசுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன!’

2. அனுப்பியவர் மூன்றாவது மாடி மீனா அக்கா.

3. அந்த ஆன்டிவைரஸ் எங்கள் குழுவில் ஐந்து வீடுகளில் இருக்கிறது.

4. ஐந்து வீட்டிலும் போட்டுக் கொடுத்தது நான்.

5. ‘யாரும் பயப்பட வேண்டாம், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று குழுவில் எழுதினேன்.

6. எழுதி முடித்ததும் எனக்குப் பயம் வந்தது.

எந்த நாடு என்று இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் இந்தப் பத்திக்கு நீங்கள் எழுதும் கடிதங்களில் பாதி அந்த நாட்டை ஆதரித்தும் மீதி திட்டியும் வரும். ஆன்டிவைரஸை எல்லோரும் மறந்துவிடுவீர்கள். பெயரைச் சொன்னதுமே சாப்பாட்டு மேசையில் இரண்டு அணி பிரியுமே... அப்படி ஒரு நாடு. அது போதும்.

ஐந்து வீட்டுக்கும் அது எப்படி வந்தது? அந்த ஆன்டிவைரஸ் ஐந்து கம்ப்யூட்டர்களுக்குச் சேர்த்து ஒரே பேக்காகக் கிடைத்தது. எங்கள் வீட்டில் இருப்பதோ ஒரே லேப்டாப். மீதி நான்கு வீணாகிறதே என்று குழுவில் கேட்டேன். பத்து நிமிடத்தில் நான்கும் போய்விட்டன. தீபாவளிக்குச் சேர்ந்து ஸ்வீட் ஆர்டர் செய்கிறோம், ஊருக்குப் போகச் சேர்ந்து டாக்ஸி பிடிக்கிறோம்; ஆன்டிவைரஸையும் அப்படித்தான் பங்கு போட்டோம். நிபந்தனையில் ‘ஒரே குடும்பத்தின் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று இருந்தது. புனேயில் ஒரே சோசைட்டியில் இருக்கும் ஐந்து தமிழ் வீடுகள் ஒரே குடும்பம் இல்லாமல் வேறென்ன?

எல்லாம் என் மின்னஞ்சலில், என் கணக்கில். இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

மீனா அக்காவிடமிருந்து போன் வந்தது. “ஏட்டி நித்யா, மேல வா. அண்ணாவுக்கு மூஞ்சியே சரியில்ல.”

அண்ணா என்றால் அவர் கணவர், சுந்தர் அண்ணா. இருவருக்கும் பாளையங்கோட்டை. அண்ணா ராணுவம் சார்ந்த ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். என்ன வேலை என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஆனால் ஒன்று மட்டும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். பல வருடமாகக் காத்திருந்த புதிய பிரிவுக்கு அவர் மாறப்போகிறார். மீனா அக்கா போன சதுர்த்திக்குச் செய்த மோதகத்தில் பாதி அந்த மாற்றத்துக்கான வேண்டுதல்.

கதவைத் திறந்ததும் அக்கா கேட்டார். “நீ போட்டதுதான அது?”

“ஏ மீனா, பிள்ளைய முதல்ல உள்ள விடு,” என்றார் சுந்தர் அண்ணா.

சாப்பாட்டு மேசையில் லேப்டாப் இருந்தது. அதன் மேல் ஒரு குளியல் துண்டு போர்த்தியிருந்தது.

“இது எதுக்கு அக்கா?”

“கேமரா பாத்துக்கிட்டு இருந்துச்சுன்னா?”

“மூடித்தான வச்சிருக்கீங்க...”

“மூடினா பாக்காதுன்னு உனக்கு யாரு சொன்னா?”

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அண்ணாவின் முகம் அப்படி இருந்தது.

“அக்கா, அந்த ஃபார்வர்டுக்குக் கீழ ‘இதற்குப் பதில் இதை இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள்’னு ஒரு லிங்க் இருந்துச்சே. தொட்டீங்களா?”

“தொட்டேன். நெட் வரல.”

எங்கள் சோசைட்டியின் நெட் கனெக்‌ஷனைத் திட்டாத நாள் கிடையாது. அன்றைக்கு முதல் முறையாக மனதுக்குள் அதற்கு நன்றி சொன்னேன்.

துண்டை எடுத்தேன். “அண்ணா, ஆபீஸ் விஷயம் எதையாவது இதுல வச்சிருக்கீங்களா?”

“ஒரு காகிதம்கூட வீட்டுக்கு வராதும்மா. போனையே கேட்ல வாங்கி வச்சுக்கிடுவாங்க. இதுல நம்ம மக ஸ்வேதாவோட காலேஜ் ப்ராஜெக்ட் கெடக்கு, கல்யாண போட்டோ கெடக்கு. வேற என்ன?”

“அப்போ பயப்பட ஒண்ணும் இல்லண்ணா.”

“எனக்குப் பயம் ஃபைலப் பத்தி இல்ல. வர்ற வாரம் இன்டர்வியூ. வீட்டுல என்ன கம்ப்யூட்டர், அதுல என்ன சாஃப்ட்வேர்னு எல்லாம் கேப்பாங்க. இது எப்படி வந்துச்சும்பான். அடுத்த ஃப்ளோர் பிள்ளை போட்டுக் குடுத்துச்சுன்னு சொல்லவா? யார் பேருல இருக்குன்னு கேப்பான். என் பேருலகூட இல்லையே!”

அதுவரை இது சாஃப்ட்வேர் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. ஒரு மனிதரின் பல வருடக் காத்திருப்பு; அதன் நடுவில் என் மின்னஞ்சல் முகவரி.

நான் டெஸ்டிங் வேலை பார்ப்பவள். அலுவலகத்தில் புதிய சாஃப்ட்வேர் எதுவானாலும் ‘இதனால் என்னென்ன ஆபத்து’ என்று பட்டியல் போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்த நான் இந்த ஆன்டிவைரஸை எப்படிப் போட்டேன் தெரியுமா? நெக்ஸ்ட்... நெக்ஸ்ட்... நெக்ஸ்ட்... ஃபினிஷ். ‘சந்தேகத்துக்குரிய ஃபைல்களை ஆய்வுக்காக எங்களுக்கு அனுப்பலாமா?’ என்ற கேள்விக்கு எதிரே முன்கூட்டியே ஒரு டிக் இருந்தது. அதை எடுக்கவில்லை. நீங்கள் எடுத்திருப்பீர்களா?

அண்ணாவின் லேப்டாப்பில் ஆன்டிவைரஸ் வைத்திருக்கும் பதிவுகளைத் திறந்தேன். மூவரும் குனிந்து பார்த்தோம். மாதக்கணக்கில் ‘பாதுகாப்பாக உள்ளது’, ‘பாதுகாப்பாக உள்ளது’. நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் வேறு மாதிரி: ‘ஆய்வுக்கு அனுப்பப்பட்டது.’

சுந்தர் அண்ணா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “என்னம்மா அனுப்பிருக்கு?”

சுட்டியை வைத்து அந்த வரியைத் திறந்தேன். ஃபைலின் பெயர் வந்தது. ஜாதகப் பொருத்தம் பார்க்கும் சாஃப்ட்வேர்.

அண்ணா மெதுவாக அக்காவைப் பார்த்தார்.

“ஸ்வேதாவுக்குச் சும்மா பாத்து வைக்கலாம்னு...” என்றார் அக்கா.

“அவ இன்னும் படிப்பையே முடிக்கல. காசு குடுத்தா வாங்கின?”

“இல்ல. ஒரு வீடியோவுக்குக் கீழ ஃப்ரீயா லிங்க் இருந்துச்சு.”

நான் விளக்கினேன். அது யாரோ பூட்டுடைத்து வெளியிட்ட காப்பி. உள்ளே ஒரு திருட்டு நிரலும் இருந்திருக்கிறது. கீபோர்டில் தட்டுவதை எல்லாம் யாருக்கோ அனுப்பும் வகை. ஆன்டிவைரஸ் அதைப் பிடித்து, முடக்கி, அதன் பிரதி ஒன்றைத் தன் தலைமையகத்துக்கு அனுப்பியிருக்கிறது.

“அப்போ அந்த நாட்டுக்காரன் நம்மளக் காப்பாத்திருக்கான்னு சொல்லுதியா?”

“காப்பாத்தியிருக்கு அண்ணா. காப்பி ஒண்ணும் எடுத்துக்கிச்சு. ரெண்டும் நடந்திருக்கு.”

அக்காவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. “பாத்தீங்களா? வேற எதையும் அனுப்பல. அர்ரே, இதுக்குப் போயி காலையிலேருந்து சாப்பிடாம!”

அண்ணா என்னைப் பார்த்துக் கேட்டார். “வேற எதையும் அனுப்பலதான?”

‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் இட்லி இறங்கியிருக்கும். ஆனால் வாயில் வந்தது வேறு.

“அனுப்பினதா அது சொல்றது இது ஒண்ணுதான் அண்ணா.”

இதற்கு மேல் யாருக்கும் தெரியாது, வாசகர்களே. எனக்கும் தெரியாது. ஆன்டிவைரஸ் என்றால் அது எல்லா ஃபைலையும் திறந்து பார்த்தே ஆக வேண்டும். எந்த நாட்டில் செய்ததானாலும் இதுதான் கதை. அந்த நிறுவனத்தில் நல்லவர்கள் இருக்கலாம். இருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஒருநாள் அந்த நாட்டு அரசு கதவைத் தட்டி ‘கொடு’ என்று கேட்டால், அவர்களால் ‘மாட்டேன்’ என்று சொல்ல முடியுமா? என் பட்டியலில் கடைசிவரை விடை இல்லாமல் நின்ற கேள்வி இதுதான். கேட்டார்கள் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. கேட்கமாட்டார்கள் என்பதற்கும் இல்லை.

என் கணவர் கோயம்புத்தூர்க்காரர். புனேவுக்குப் பக்கத்தில் சாகணில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. இதைச் சொன்னதும் வடா பாவ் மென்றுகொண்டே ஆரம்பித்தார். “சரி, உன்ற போன் எந்த நாட்டுது? டிவி? வாசல்ல மாட்டிருக்கற கேமரா? அதையெல்லாம் மொதல்ல கழட்டு, அப்புறம் ஆன்டிவைரஸுக்கு வா.”

“அதுக்காக இதையும் விட்டுடறதா?”

“விடச் சொல்லல. எதுக்குப் பயப்படறோம்னு முடிவு பண்ணு சாமி. எல்லாத்துக்கும் பயந்தா மெழுகுவத்திதான் ஏத்தோணும்.”

எரிச்சலாக இருந்தது. ஆனால் அதில் ஒரு விஷயம் இருந்தது. ‘நம்பலாமா?’ என்று மொட்டையாகக் கேட்டால் விடை கிடைக்காது. யார் நம்புவது, எதை வைத்து நம்புவது என்று கேட்டால் கொஞ்சம் தெளிகிறது. என் லேப்டாப்பை அந்த அரசு முழுதாக எடுத்துக்கொண்டாலும் அதற்குக் கிடைப்பது இந்தப் பத்திகளின் கைப்பிரதிகளும் இரண்டு ரசப்பொடிக் குறிப்புகளும்தான். சுந்தர் அண்ணா அப்படி இல்லை. அவர் லேப்டாப்பில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், அவர் அவர்தான். அவருக்கு அது வேண்டாம்.

ஆக, எடுத்துவிட வேண்டும். எப்போது? இன்டர்வியூவுக்கு முன்பே எடுத்தால் மறைத்தது போலாகும். எடுக்காமல் போனால் ‘இன்னும் வைத்திருக்கிறீர்களா?’ என்பார்கள். அன்று சாயங்காலம் மறுபடியும் மேலே போனேன். நெடுநேரம் பேசினோம். அண்ணாவே முடிவு செய்தார்: முதலில் தன் மேலதிகாரிக்குத் தெரியப்படுத்துவது, பிறகு நீக்குவது.

“உன் பேரையும் சொல்ல வேண்டி வரும்மா. பரவால்லையா?”

“சொல்லுங்கண்ணா,” என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

அவர் தகவலை அனுப்பிய பிறகு, அவர் லேப்டாப்பை அந்த ஐந்து கம்ப்யூட்டர் பேக்கிலிருந்து விடுவிக்க அந்த மேசையிலேயே என் கணக்கைத் திறந்தேன். ஐந்து வீடுகளும் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் பெயர், எப்போதெல்லாம் ஆன் செய்யப்பட்டது, என்ன பிடிபட்டது...

தோளுக்குப் பின்னாலிருந்து மீனா அக்காவின் குரல். “இது எங்களோடதுதான? நேத்து மத்தியானம் நான் ஆன் பண்ணினதுகூட இருக்கே?”

“அது தானா வர்றது அக்கா. நான் பாக்கறதில்ல.”

“பாக்க முடியும்ல?”

“...முடியும்.”

“அப்போ ஜாதகம் இறக்கினது அன்னிக்கே உனக்குத் தெரியுமா?”

“மெயில் வந்திருக்கும். விளம்பர மெயிலோட கெடந்திருக்கும். நான் படிக்கல அக்கா.”

அக்கா திரையை விட்டு நிமிர்ந்தார். பிறகு சொன்னார்.

“படிக்கலன்னு நீ சொல்லுத.”

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இந்தப் பத்தி அச்சுக்குப் போகும்போது நிலவரம் இதுதான். சுந்தர் அண்ணா வீட்டு லேப்டாப்பில் அது இப்போது இல்லை; வேறு ஒன்று, அவர் பெயரிலேயே. மற்ற மூன்று வீடுகளுக்கும் அவரவர் பெயரில் தனித்தனியாக எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். என் லேப்டாப்பில் அது இன்னும் இருக்கிறது, அந்த டிக் இல்லாமல். எடுப்பதா வேண்டாமா என்று தினமும் யோசிக்கிறேன். அண்ணாவின் இன்டர்வியூவைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். அவர் அனுப்பிய தகவலுக்கு அலுவலகத்திலிருந்து ஒரே வரிப் பதில்: ‘பார்த்துவிட்டுச் சொல்கிறோம்.’ நான் குழுவில் எழுதிய அதே வார்த்தைகள். ‘பயப்பட வேண்டாம்’ மட்டும் அதில் இல்லை.

மீனா அக்கா எப்போதும்போல என்னைக் கூப்பிட்டுக் காபி கொடுக்கிறார். கொடுப்பதற்கு முன், லேப்டாப்பின் மேல் துண்டைப் போர்த்திவிடுகிறார்.