சாவுக்கு வாசித்த அயர்லாந்துப் பாட்டு

வயலின் வில்லில் தேய்க்கும் பிசின் கட்டியின் வாசனையும் சாவு மாலையின் சாமந்தி வாசனையும் எனக்கு இன்றைக்கும் சேர்ந்தேதான் வரும். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனின் பின்பக்கச் சந்தில் இருந்த எங்கள் வீட்டில் ஆரோக்கியம் மாமாவின் 'பேண்டு செட்' பிறந்தது சவ ஊர்வலங்களுக்காகத்தான். மாமா அம்மாவின் தம்பி, பகலில் பெயின்ட் அடிப்பார், வயலின் வாசிப்பார். அவருடைய கூட்டாளி சூசை அண்ணன் மாண்டலின், அப்பா ட்ரம். பொம்மசந்திராவில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அப்பா மஞ்சள் காமாலையில் போனபோது ட்ரம் அடிக்க ஆள் இல்லாததால் அவருடைய அடக்கத்துக்கு நானே அடித்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது, ட்ரம் என்னிடம் தங்கியது.

அன்று நாங்கள் வாசித்தது 'இங்கிலீஷ் ஒப்பாரி'. தெருவே வைத்த பெயர் அது. அம்மா சமையல் வேலை பார்த்த கான்வென்டில் அயர்லாந்திலிருந்து வந்த வயதான சிஸ்டர் ஒருவர், தனக்குக் காது போய்விட்டதால் இனி உதவாது என்று ஒரு கேசட்டை மாமாவுக்குக் கொடுத்திருந்தார். சிவாஜிநகரில் வாங்கிய பழைய டேப் ரிக்கார்டரில் அதைப் போட்டால், அழுகையைத் தொண்டையில் அடக்கிக்கொண்டு யாரோ பேசுவதுபோல் பாட்டு இழுத்து இழுத்து வரும். தந்திகளைத் தளர்த்தினால்தான் சுருதி சேர்ந்தது. "அவங்க ஊர் குளிருக்குக் கம்பி அப்படித்தான் நிக்கும் மச்சான்" என்றார் சூசை அண்ணன். அவர் ஒருமுறை ஊட்டிக்குப் போய்வந்தவர் என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

வீட்டில் அழாத அம்மா கல்லறையில் அந்தப் பாட்டு எழுந்தபோதுதான் அழுதாள். பிறகு பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதையே முனகுவாள். அப்பாவின் போட்டோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அவளுக்கு மிஞ்சியது அந்தப் பாட்டுதான்.

அந்த சிஸ்டரும் இறந்தார். நோயில் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய அண்ணன் மகள் குழியருகே நின்றிருந்தார். சிஸ்டரின் கேசட்டு அல்லவா என்று மாமா உருகி உருகி வாசித்தார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டார், தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றுதான் நினைத்தோம். கையை எடுத்தபோதுதான் தெரிந்தது, சிரிக்கிறார்.

ஜெபம் முடிந்ததும் வயலினைக் கேட்டு வாங்கி, தந்திகளை முறுக்கி, அதே பாட்டை வாசித்தார். குதிரை ஓடுவதுபோல் ஓடியது. குழி வெட்டியவரின் கால்கூடத் தாளம் போட்டது. இது எங்கள் ஊரில் பொண்ணு மாப்பிள்ளையை நடுவில் விட்டு ஆடும் கல்யாணப் பாட்டு என்று அவர் இங்கிலீஷில் சொன்னதை மாமா தமிழில் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார். கான்வென்டில் வேலை செய்த அம்மாவுக்கு முழுவதும் புரிந்துவிட்டது. மாமாவின் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டா, என் புருஷன டான்ஸ் பாட்டு போட்டாடா குழில எறக்குன?"

"டேப்புல அப்படித்தான்க்கா வந்துச்சு."

"செத்தது டேப்பா, என் புருஷனாடா?"

பக்கத்து வீட்டுப் புது டேப் ரிக்கார்டரில் போட்டுப் பார்த்தோம். அதிலும் குதிரைதான். "சீக்கு நம்ம பொட்டிக்குத்தான், மெதுவா சுத்தியிருக்கு" என்றார் சூசை அண்ணன். மாமா வயலினை ஆணியில் மாட்டிவிட்டார். அம்மா அவருக்குச் சோறு வைப்பாள், பேசமாட்டாள். பேண்டு நின்றதால் அவளுடைய சம்பளத்தில் கஞ்சியோடு ஓட்டினோம். அதைவிட வீடு சத்தமில்லாமல் இருந்ததுதான் எனக்குத் திகிலாக இருந்தது. அவள் முனகுவதையும் விட்டுவிட்டாள்.

அயர்லாந்துக்காரப் பெண் மன்னிப்புக் கேட்க வீட்டுக்கு வந்தார். "ஆடுற மாதிரியே வாசிக்கச் சொல்லு, நான் கேக்கணும்" என்றாள் அம்மா என்னிடம். பாதி உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள். பிறகு மாமாவுடன் பேசினாள்: "இனிமே இத எந்தச் சாவுக்கும் வாசிக்கக் கூடாது. எவனாவது மெதுவா இழுத்தான்னா வயலின அடுப்புல வெச்சிருவேன். கல்யாணத்துக்குப் போங்க."

அப்படித்தான் அது அயர்லாந்துப் பேண்டு ஆனது. ஊர் திரும்பும்வரை அந்தப் பெண் எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து கேசட்டில் இருந்த மற்ற பாட்டுகளின் உண்மையான வேகத்தையும் சொல்லிக்கொடுத்தார். முதலில் சந்துக் கல்யாணங்கள், பிறகு கிறிஸ்துமஸ் விருந்துகள். "சக்கத்தா இருக்கு குரு" என்று கன்னடம் கலந்து மெச்சித் தோளில் தட்டிய ஒருவர் ஹோட்டலில் சேர்த்துவிட்டார், அங்கிருந்து பப்புகள். கிடார், குழலோடு ஐ.டி. பையன்கள் வந்து சேர்ந்தார்கள். நான் ஓரிடத்தில் இருக்கும் ஜாதி இல்லை. ஆனேக்கலில் தையல், ஓசூரில் கேன்டீன், பிறகு கோவா என்று போய்விட்டேன். ட்ரம் கை மாறியது.

போன மாதம் வந்திருந்தேன். சூசை அண்ணன் இப்போது உயிரோடு இல்லை. அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. வீட்டில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது கட்டிலிலிருந்து அவள் சொன்னாள்:

"ஆரோக்கியம், அந்தப் பழைய இழுவைய ஒரு தடவ வாசிடா."

மாமா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தந்திகளைத் தளர்த்தினார். முதல் வரி மெல்ல வந்தது, இரண்டாவது வரியில் விரல்கள் ஓடத் தொடங்கின. மறுபடி வாசித்தார், மறுபடியும் ஓடின. நான் ட்ரம்மை வாங்கி இழுத்துப் பிடிக்கப் பார்த்தேன், என் கையும் நிற்கவில்லை. ஒரு பையன் அதே பாட்டை செல்போனில் வேகம் குறைத்து ஓடவிட்டான். "பாட்டிம்மா, இதுவா?" அம்மா தலையாட்டினாள், இல்லையென்று. எனக்கும் தெரிந்தது, அது இல்லை. எங்கள் பழைய டேப் பெட்டியின் நடுக்கம் அதில் இல்லை. பெட்டி எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அப்பாவைப் புதைத்த பாட்டு உலகத்தில் அந்தப் பெட்டி ஒன்றில் மட்டும்தான் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"செரி விடு, உங்க பாட்டையே வாசிங்க" என்றாள் அம்மா. அவர்கள் வாசித்தார்கள், வேகமாக. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.