பெட்டி மேல் நிற்கும் இல்டா

மாட்டின் பின்னால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று, தோள்வரை கையுறை மாட்டிய இடது கையை உள்ளே விட்டதும் இல்டா கண்களை மூடிக்கொள்வாள். யார் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான். "பொறுங்க, கைக்குக் கண்ணு தெரிய நேரமாகும்."

மாட்டு வைத்தியம் படிக்கிற பெண். போர்த்துக்கல்காரர்களின் அசோரெஸ் தீவுகளில் பிறந்தவள். தன் ஊரில் ஆளைவிட மாடு அதிகம் என்று பெருமையடிப்பாள். ஆறு மாதப் படிப்புக்காக எங்கள் நாட்டு உத்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கிறாள். செவ்வாய்தோறும் எங்கள் பண்ணையில் மாட்டு டாக்டர் முன்னால் எது சினை, எது காலி என்று கையால் பார்த்துச் சொல்ல வேண்டும். தொடர்ந்து நாற்பது மாடுகளைத் தவறாமல் சொன்னால்தான் தேர்ச்சிக்கு அவர் கையெழுத்து. ஆள் என் தோளுக்குத்தான் வருவாள். எங்கள் மாடுகளோ எங்கள் ஆண்பிள்ளைகளைப் போலவே நெட்டை. அதற்குத்தான் அந்தப் பீர் பெட்டி. டாக்டரின் காரில் ஏறினால் குமட்டுகிறது என்று, பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு எதிர்காற்றில் பத்துக் கிலோமீட்டர் மிதித்து வருவாள்.

என் கணவன் டீர்க்குக்கு அவளைச் சீண்டாமல் பொழுது போகாது.

"என்ன இல்டா, பெட்டில பீரையே காணோம்?"

"மாட்டுக்குக் குடுத்துட்டேன். அதான் ஒதைக்காம நிக்குது."

தன் அறையில் ஒரு தீவனப் பையைத் தொங்கவிட்டிருக்கிறாளாம். உள்ளே, பார்க்காமல் தொட்டே இனம் கண்டு பழக, திராட்சை, வாதுமைக் கொட்டை, தண்ணீர் நிரப்பிய பலூன். பல் துலக்கும்போதுகூட ஒரு கை அதற்குள்தான். அப்படிப் பழகிய கை முப்பத்தொன்பது மாடுகளில் ஒன்றில்கூடத் தவறியதில்லை. போகப்போக, அவள் சொன்னபின் மறுபடி பார்ப்பதை டாக்டரும் விட்டுவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை, பக்கத்துப் பண்ணையில் கன்றுகளுக்குக் கழிச்சல் என்று கேள்விப்பட்டேன். வெளியிலிருந்து ஒரு துரும்பும் தொழுவத்துக்குள் வரக்கூடாது என்பது இங்கே வேதவாக்கு. வருகிறவர் யாரானாலும் எங்கள் பூட்ஸைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அவள் பெட்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டேன். வேறு பெட்டி கொடுக்க எனக்கும் தோன்றவில்லை, கேட்க அவளுக்கும் வாய் வரவில்லை. நுனிக்காலில் நின்றபடி, க்ளாரா பதினான்கு என்கிற கிழட்டுப் பசுவைப் பார்த்து, "காலி" என்றாள். டீர்க் அதன் இடுப்பில் நீலக் கோடு இழுத்தான். நீலக் கோடு என்றால் வெட்டுக்குப் போகிற மாடு. வியாழன் காலை ஆறு மணிக்கு லாரி.

புதன் மாலை சரியாக ஆறு மணி. உருளைக்கிழங்கை மேசையில் வைக்கிறேன், வாசலில் இல்டா நிற்கிறாள். சொல்லாமல் கொள்ளாமல், அதுவும் சாப்பாட்டு நேரத்தில், எங்கள் பக்கத்தில் யாரும் யார் வீட்டுக்கும் போகமாட்டார்கள். கூடப்பிறந்த அண்ணன்கூட இரண்டு வாரம் முன்னால் தேதி கேட்டுத்தான் வருவான். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம், இல்டா."

"தெரியுங்க. போன் பண்ணேன், யாரும் எடுக்கல."

"சாப்பிடறப்ப யாரு எடுப்பா?"

"க்ளாராவோட கருப்பையில ஒரு பக்கம்தான் பாத்தேன். இன்னொரு பக்கத்துக்குக் கை எட்டல. எட்டலன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு காலின்னுட்டேன்."

டீர்க் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "க்ளாராவோட உனக்கு நாப்பது ஆயிடுச்சு. வாயை மூடிக்கிட்டு இருந்தா கையெழுத்து வந்துரும்ல?"

"லாரி ஏறிப் போன மாட்டைத் திருப்பி எறக்க முடியுமா? ஒரு பெட்டி குடுங்க. உங்க வீட்டுப் பெட்டி."

அந்தச் சொல் என்னைக் குத்தியது. அவள் பெட்டியை நிறுத்தியவள் நான்தானே. வெட்கமாக இருந்தது. பால் கறக்கும் அறையிலிருந்து ஒரு பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போனேன்.

டீர்க் வாலைப் பிடித்தான். இல்டா ஏறி நின்று கண்களை மூடினாள். கன்னம் மாட்டின் தொடையில் அழுந்த, கை உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"என்னம்மா, எதாவது இருக்கா?" என்றான் டீர்க்.

"பொறுங்க."

பொறுத்தோம். கால் கடுத்தது. கடைசியில் அவள் தோள் தளர்ந்தது.

"இருக்கு. எட்டாத பக்கத்துலதான். ரெண்டு மாசம்."

டீர்க் மூக்கை உறிஞ்சினான். "அப்ப உன் நாப்பது போச்சு."

"போகட்டும். மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணிக்கறேன்."

"மொதல்ல வந்து சாப்பிடு. கெழங்கு ஆறிப்போச்சு" என்றேன். அழைக்காமல் வந்தவரை எங்கள் மேசைக்குக் கூப்பிட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் முறை.

"தோ வரேன்" என்றாள். வரவில்லை. சமையலறை வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். பெட்டியை மாட்டின் பக்கவாட்டுக்கு நகர்த்தி, மறுபடி மேலே ஏறி, சட்டைக் கையை வாளித் தண்ணீரில் நனைத்து நனைத்து க்ளாராவின் இடுப்பிலிருந்த நீலக் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.